ஒற்றைக் காதுக் கப்டன்

வயது போனால் பொறாமை தானாக அடங்கிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். எனக்கு அறுபத்தைந்து வயது. பிறசருக்குக் குளிசை போடுகிறேன், சீனிக்குப் போடுகிறேன், மூட்டு நோவுக்கு எண்ணெய் பூசுகிறேன். மூன்று நாலு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை கைபேசியில் ஒரு மேசையைப் பார்த்து எனக்கு வயிறெரிந்த எரிவுக்கு மட்டும் ஒரு மருந்தும் கிடைக்கவில்லை. என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

மேசை கனடாவில் இருக்கிறது, என் பெரியம்மாவின் மகனுடைய வீட்டு நிலவறையில். அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அண்ணை என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் அந்தக் காலத்திலேயே கட்டளை. இன்றைக்கும் வாயால் அண்ணை, மனத்துக்குள் அவன்.

கட்டில் அளவு மேசை. நடுவில் ஒரு கோட்டை. சுற்றிவரக் கடல். தண்ணீர் இல்லை, ஏதோ பளபளக்கும் பசையை ஊற்றி இறுக வைத்திருக்கிறான். கடலுக்குள்ளால் ஒரு சேற்றுப் பாதை, அதில் முகமூடி போட்ட எதிரிப் படை, நூறு பேருக்குக் குறையாது. கோட்டை மதிலில் சுண்டுவிரல் உயரத்துக்குக் காவற்காரர்கள். சங்கூதி இருந்தான், சமையல்காரன் அகப்பையோடு இருந்தான், இரட்டையர் இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். ஒவ்வொருவனுக்கும் கண், மீசை, சட்டைப் பொத்தான் வரை நிறம் தீட்டியிருந்தது.

"தெரியுதோடா தம்பி? உப்புக் கோட்டை! எத்தினை வருசம் தேடினன் தெரியுமே? ஒரு கடையிலையும் இல்லை. கடைசியிலை ஒரு பெடியன், படத்தைக் காட்டினால் மெசினிலை அப்பிடியே அடிச்சுத் தாறான். நிறம் நான் அடிச்சது."

"படம் எங்காலை?" என்று கேட்டேன்.

சின்ன வயதில் நாங்கள் வாசித்த உப்புக் கோட்டைப் படக்கதைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். மேலட்டையோடு! என்னிடம் இருந்த பிரதிக்கு மேலட்டை இருக்கவில்லை. ஐம்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அந்த மேலட்டையை முதன்முதலாகப் பார்க்கிறேன், அதுவும் அவன் கையில். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மதிலில் இருந்தவர்களை எண்ணினேன். பன்னிரண்டு. கதையில் பதின்மூன்று பேர்.

"கப்டன் எங்கை அண்ணை?"

அவன் முகம் மாறியது. "அதைப் பற்றி உன்னோடை கதைக்க வேணும். இப்ப ஏலாது. பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டான்.

அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தது பத்து வயதில். பட்டணத்துக் கடையொன்றில் கயிற்றில் தொங்கிய கடைசிப் பிரதி. மேலட்டை கிழிந்திருந்ததால் அப்பா வாங்கித் தந்தார். கடலுக்கு நடுவில் ஒரு கோட்டை. காவலுக்குப் பதின்மூன்று பேர். வற்றுக் காலத்தில் கடல் ஒதுங்க, எதிரிகள் சேற்றில் நடந்து வருவார்கள். பெருக்கு வருவதற்குள் கோட்டையைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பேரும் தாழ வேண்டியதுதான். காவலர்களுக்குத் தலைவன் ஒற்றைக் காதுக் கப்டன். மற்றக் காது எப்படிப் போனது என்று கதையில் கடைசிவரை சொல்லவில்லை. அதைப் பற்றி நான் யோசித்த அளவுக்குக் கணக்குப் பாடத்தை யோசித்திருந்தால் டொக்டராக வந்திருப்பேன்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடலும் அப்படிப்பட்டதுதானே. முழங்கால் தண்ணீரில் ஒரு மைல் நடக்கலாம். வற்றினால் சேறு தெரியும், சாதாழைப் பாசி மணக்கும். புத்தகத்தை வாசித்தவுடனேயே இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஆட்கள்தான் இல்லை.

ஆட்கள் அவனிடம் இருந்தார்கள். பெரியப்பா கப்பலில் இயந்திர அறையில் வேலை. ஒருமுறை வந்தபோது ஒரு பெட்டி நிறையப் பச்சைப் பிளாஸ்டிக் பட்டாளம் கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்தால் ஒரு மணம் வரும். புதுச் சப்பாத்து, சவர்க்காரம், பெரியப்பாவின் சூட்கேஸ் எல்லாம் கலந்த மணம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு மணம் ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் வீட்டில் மீனும் வலையும் மணக்கும்.

"மணந்து பார். தொடாதை," என்பான்.

"அண்ணை, ஒண்டு தாங்கோவன். பிறகு தாறன்."

"நீ துலைச்சுப் போடுவாய்."

நானும் விடவில்லை. புத்தகம் என்னிடம்தானே! ஒரு பட்டாளத்தைக் கையில் வைத்திருக்க விட்டால் இரண்டு பக்கம் வாசிக்கலாம் என்று பேரம் பேசினேன். அவன் வாசிக்கும்போது அடுத்த பக்கத்தைக் கையால் மறைத்துப் பிடித்திருப்பேன். அவ்வளவு கெட்டவன் நான்.

ஆனால் அவனுடைய ஆட்கள் எல்லாருமே துவக்குக்காரர். தலையில் இரும்புத் தொப்பி. உப்புக் கோட்டையில் துவக்குக்கு எங்கே போவது? எதிரிப் படைக்குப் போதும், காவலர்களுக்குச் சரிவராது. எனக்கு ஈட்டியும் வாளும் பிடித்த பதின்மூன்று பேர் வேண்டும். முதலில் கைவைத்தது நத்தாருக்கு யேசு பிறப்பைக் காட்ட வைக்கும் பாலன் குடில் சுரூபங்களில். அம்மா மார்கழிக்கு எடுத்து வைக்கும் பெட்டியிலிருந்து மூன்று இடையர்களைக் கிளப்பி, ஈர்க்கில் துண்டைக் கையில் கட்டி வாளாக்கினேன். அம்மா பிடித்துவிட்டாள்.

"ஆட்டிடையனுக்கு ஏனடா வாள்? ஆரை வெட்டப் போறார்?" என்று கேட்டுக் கேட்டே அடித்தாள். இடையில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்காவும் தங்கையும் எங்கள் முற்றத்தில் இருந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான், அதிலும் அவர்கள் போய்வர ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, ஒரு பொட்டு, வைத்திருந்தார்கள். அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்ததை நினைத்தால் இந்த இடத்தில் எனக்கு எழுத வராது. பொறுங்கள்.

பிறகு ஈயம். வலை தாழ்வதற்கு அடியில் ஈயக் குண்டு கட்டுவார்கள் அல்லவா, அதை அப்பா தானே உருக்கி வார்ப்பார். சிந்திய துணிக்கைகள் வலை வைக்கிற கொட்டிலில், வாடிக்குள், மண்ணில் கிடக்கும். பொறுக்கினேன். அச்சுக்குக் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு. வெள்ளையாக, மெத்தென்று, நகத்தால் கீறினாலே பள்ளம் விழும். ஓட்டை இரண்டாகப் பிளந்து, தேய்த்துச் சமப்படுத்தி, ஊசியால் உருவத்தைக் குடைந்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி, சிரட்டைக் கரி நெருப்பில் கரண்டியை வைத்து உருக்கிய ஈயத்தை மேலே விட்ட துளையால் ஊற்றினால் சீறிக்கொண்டு இறங்கும். மயிர் கருகிய மாதிரி நாற்றம் வரும். ஓர் ஓட்டில் ஒருவன்தான் வார்க்கலாம், ஓடு கருகிவிடும். அப்பாவும் அம்மாவும் சந்தைக்குப் போன காலை நேரங்களில் வாடிக்குள் இருந்து இதைச் செய்தேன். நெருப்புப் பக்கம் போனேன் என்று தெரிந்தால் அம்மா தோலை உரித்திருப்பாள். ஆகவே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கப்டனுக்கு ஒன்பது ஓடு போனது. ஒருமுறை தலை வரவில்லை, ஒருமுறை கால் ஒட்டிக்கொண்டது. மற்ற எல்லாவற்றிலும், ஒரு காதைத்தான் குடைந்திருந்தும், ஈயம் வெளியே கசிந்து இரண்டு காதும் வந்து தொலைத்தது. ஒன்பதாவதில் ஈயம் ஒரு பக்கத்துக்கு ஓடாமல் நின்றுவிட, ஓட்டைத் திறந்து பார்த்தால், இடது காது இல்லை! தோளில் போர்வை, கையில் ஈட்டி, முகத்தில் ஒரு கோபம். நான் குடையாத கோபம் எப்படி வந்தது என்று தெரியாது. வாடிக்குள் தனியாக இருந்து குதித்தேன்.

அந்த வைகாசி, ஆனி மாதம் முழுவதும் சேற்றில் சண்டைதான். என் பதின்மூன்று பேர் மணற்கோட்டையில். அவனுடைய பச்சைப் பட்டாளம் சாண் சாணாக முன்னேறும். கண்ணாடிப் போளையை உருட்டி அடிக்க வேண்டும், விழுந்தவன் செத்தவன். பிடிபட்டவனை வலை நூலால் கைகாலைக் கட்டிக் கைதியாக வைக்க வேண்டும். பெருக்கு வந்து தண்ணீர் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

"இது அநியாயமடா. ஈயம் விழாது. என்ரையள் ஊதினாலே விழுகுதுகள்," என்று சண்டை பிடிப்பான்.

முதன்முதல் பெருக்கு வந்த அன்று நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் ஏற, அவனுடைய பட்டாளம் அப்படியே மிதந்து தெற்கே போகத் தொடங்கியது. துவக்கும் கையுமாக மல்லாந்து போகிறார்கள். அவன் அழாக்குறையாகத் துரத்தித் துரத்திப் பொறுக்குகிறான். என் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றார்கள். கதையில் வருகிற மாதிரியே. நான் உதவிக்குப் போகவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிட இனித்த பின்னேரம் ஒன்று இல்லை.

மறுநாள் கப்டனைக் காணவில்லை.

யார் எடுத்தது என்று எனக்கு அப்போதே தெரியும். கேட்டேன், சத்தியம் செய்தான். மாதா மேல் செய்தான்! மூன்று நாள் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவன் கொய்யா மரத்தடியில் சிரட்டையால் கிளறி, எதையோ எடுத்து, துடைத்து, பார்த்து, திரும்பவும் மண்ணுக்குள் தாட்டான். பெட்டி நிறையப் பட்டாளம் வைத்திருக்கிறவனுக்கு என்னுடைய ஒன்றையும் விட மனமில்லை.

ஞாயிறு பூசைக்கு இரண்டு வீட்டாரும் போய்விட்டார்கள். எனக்கு வயிற்று வலி என்று சொல்லிப் படுத்திருந்தேன். வேலிக்குள்ளால் போய்க் கொய்யாவடியைக் கிளறிக் கப்டனை எடுத்தேன். எடுத்துக்கொண்டு வந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அது எனக்குப் போதவில்லை. அவன் கள்ளன் என்பது பிடிபட வேண்டும். பெரியம்மா கண்டு, "இது ஆற்றை சாமான்? எங்காலை எடுத்தனி?" என்று கேட்டு அவனை முற்றத்தில் வைத்து உரிக்க வேண்டும், நான் வேலியால் பார்க்க வேண்டும். ஆகவே கப்டனை வலை நூலால் கையும் காலும் இறுக்கக் கட்டினேன். பிடிபட்டவன் என்றால் கட்ட வேண்டும் அல்லவா, அதுதானே எங்கள் சட்டம். பெரியம்மா வீட்டு வாசற்படியடி மணலுக்குள் அரைவாசி தெரியும்படி தாட்டுவிட்டு வந்து படுத்தேன்.

இப்போது உங்களில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு விளங்கியிருக்கும். எனக்குப் பத்து வயது, எனக்கு விளங்கவில்லை. வாசற்படியில் தாட்ட ஈய உருவம். கைகால் கட்டியிருக்கிறது. ஒரு காது இல்லை.

பெரியப்பாவின் கடைசிக் கடிதம் வந்து மூன்று மாதம். இயந்திரச் சத்தத்தில் இடது காது நோகிறது, சீழ் வடிகிறது என்று எழுதியிருந்தாராம். அதற்குப் பிறகு கடிதமே இல்லை.

பெரியம்மா திங்கட்கிழமை காலை முற்றம் கூட்டும்போது கண்டாள். முதலில் கோயிற் சுவாமியாரிடம் ஓடி ஆசீர்வதித்த தண்ணீர் வாங்கிவந்து வீடு முழுக்கத் தெளித்தாள். பின்னேரம் ஒருவருக்கும் தெரியாமல் அரியாலைப் பக்கமிருந்து சூனியத்துக்குக் கழிப்புக் கழிக்கிற ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் உருவத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "செய்வினை தான். வலையிலை கட்டிற ஈயம். கிட்டடியிலை இருக்கிற கடற்காரர் வீட்டாலை வந்தது," என்றாராம். பொய் சொன்னார் என்று எப்படிச் சொல்வது? ஈயம் எங்கள் வீட்டு ஈயம்தானே.

பெரியம்மா வேலிப் பொட்டால் வரவில்லை. தெருவால் சுற்றி, படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் எனாமல் கோப்பை, அதற்குள் உப்பில் கப்டன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இது உன்ரை புருசன்ரை ஈயமோ இல்லையோ? சொல்லடி!"

அம்மா எட்டிப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "எங்கடை ஈயம் மாதிரித்தான் கிடக்கக்கா. ஏன், என்னது இது?"

"என்னதோ? என்ரை மனுசன்ரை காதை அறுத்துப் போட்டு என்னது எண்டு கேக்கிறியோ? நாங்கள் நாலு காசு கண்டது உனக்குப் பொறுக்கேல்லை. வயித்தெரிச்சல் பிடிச்சவளே! ஒரு வயித்திலை பிறந்தனீ, உனக்கு எப்பிடியடி மனம் வந்தது?"

"அக்கா, மாதா அறிய எனக்கு ஒண்டும் தெரியாது. சுவாமிக்கு முன்னாலை வந்து சத்தியம் பண்ணிறன், வா."

"உன்ரை சத்தியத்தைக் கொண்டுபோய்க் கடலிலை போடு!"

வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். இந்தப் பக்கம் நான். பொட்டுக்குள்ளால் அவன் ஒற்றைக் கண் தெரிந்தது. அவன் வாய் திறந்தால் களவு பிடிபடும். நான் வாய் திறந்தால்? அடி விழும், ஈயமெல்லாம் போகும். ஆனால் அதற்காக மட்டும் நான் பேசாமல் நிற்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். பெரியம்மா வீடு பயந்து நடுங்குவது எனக்குப் பிடித்திருந்தது. சூட்கேஸ் மணக்கிற அந்த வீட்டில் முதன்முதலாக ஏதோ குறைந்தது. வயிற்றெரிச்சல் பிடித்தவள் என்று பெரியம்மா பிழையான ஆளுக்குச் சொன்னாளே தவிர, சொன்னது பிழையில்லை. பிடித்தவன் நான், மூன்று முழத்தில் வேலியடியில் நின்றேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் அம்மா என்னிடம் கேட்டாள். "உனக்கு ஏதும் தெரியுமோ, ராசா?"

"தெரியாது," என்றேன்.

மறுநாள் விடிய மற்றப் பன்னிரண்டு பேரையும் தோணித் துறையில் நின்று தூரத்துக்கு எறிந்தேன். ஒருவனும் மிதக்கவில்லை. கப்டனை அந்தக் கழிப்புக்காரர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. புத்தகம் பிந்திய போர்க் கால இடம்பெயர்வு ஒன்றில் வீட்டோடு போனது.

பெரியப்பா நான்கு மாதத்துக்குப் பிறகு வந்து இறங்கினார். காது கேட்காது, மற்றபடி நல்ல சுகம். ஆனால் வேலிப் பொட்டை அதற்கு முதலே புதுக் கிடுகால் அடைத்துவிட்டார்கள். ஒரே கோயிலில் அக்கா முன் வரிசை வாங்கில், தங்கை பின் வரிசை வாங்கில். ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மா பலகாரத்தில் ஒரு பங்கைப் பெரியம்மா வீட்டுக்கென்று தட்டில் எடுத்து வைத்து மூடுவாள். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று பின்னேரம் வரைக்கும் பார்ப்பாள். பிறகு, "இந்தா, நீ தின்," என்று எனக்குத் தருவாள். நான் தின்பேன். பயற்றம் பணியாரம் நன்றாக இருக்கும். பிறகு அவர்கள் கனடாவுக்குப் போனார்கள். அம்மா இங்கே செத்தாள், பெரியம்மா அங்கே செத்தாள்.

அவன் கைபேசியில் சொன்ன மாதிரியே அடுத்த ஞாயிறு திரும்ப எடுத்தான். அதே மேசைக்கு முன்னால் இருந்தான். நரைத்துப்போன தாடியைத் தடவினான்.

"தம்பி, இதைச் சொல்லாமல் நான் சாகக் கூடாதடா. உன்ரை கப்டனைக் களவெடுத்தது நான் தான். கொய்யாவடியிலை தாட்டனான். நாயோ கோழியோ கிளறிப் படியடிக்குக் கொண்டந்து போட்டிருக்கும். அதாலை தான் அவ்வளவும் வந்தது."

"நூல்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நூலும் நான் தான் கட்டியிருப்பன். கைதியெண்டால் கட்டிறது தானே. வடிவா ஞாபகமில்லை. ஆனால் வேறை ஆர் கட்டப் போகினம்?" அவன் கண்ணைத் துடைத்தான். "அம்மா சாகேக்கை சின்னம்மாவைத் தான் கேட்டவ. ரெண்டு சகோதரங்களைப் பிரிச்ச பாவி நான். அதுக்குத் தானடா கப்டனை அடிப்பிக்காமல் விட்டனான். எனக்கு அந்த ஆளை வைக்க உரிமையில்லை."

ஐம்பத்தைந்து வருடமாக என் நூலையும் சேர்த்து அவன் சுமந்திருக்கிறான். சொல்ல வேண்டும். வார்த்தை பல்லுவரை வந்தது. அவன் தோளுக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் மதிலில் நின்றார்கள். சங்கூதியின் சட்டைக்குப் பொத்தான்கூட இருந்தது.

"விடுங்கோ அண்ணை," என்றேன். "சின்ன வயசிலை நடந்தது. நான் எப்பவோ மன்னிச்சிட்டன்."

அவன் விம்மி விம்மி அழுதான். அழுது முடித்துவிட்டு, "உனக்குத் தான்ரா இது சேர வேணும். கோட்டை, ஆக்கள், புத்தகம், எல்லாத்தையும் பெட்டி கட்டி அனுப்பிறன். கப்டனை மட்டும் நீ உன்ரை கையாலை வார்," என்றான்.

அந்த நேரமாவது நான் சொல்லியிருக்கலாம்.

"பெட்டி எப்ப வந்து சேரும் அண்ணை?" என்று கேட்டேன்.

பெட்டி வந்துவிட்டது. நாலு பக்கமும் நைலோன் நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறான். கரையில் ஒதுங்கிக் கிடந்த நல்ல கணவாய் ஓடு ஒன்றையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன். இதை அவனுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் நூலை அவிழ்ப்பது என்று நினைத்திருக்கிறேன். நினைத்து இன்றோடு மூன்று கிழமை.